லிஃப்ட் போட்டாச்சு, ஹேண்ட்பிரேக் கேபிள் எட்டுதா?

ஜீப்பைத் தூக்கி வச்சிருக்கிற யாரையாவது பார்த்தா இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்க. எத்தனை இன்ச் லிஃப்ட்? டக்குனு பதில் வரும். டயர் சைஸ்? அதுவும் வரும். என்ன ஷாக் அப்சார்பர்? கம்பெனி பேர், கலர், வாங்கின விலை, எல்லாமே வரும். கடைசியா, "ஹேண்ட்பிரேக் கேபிளுக்கு என்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம்தான் கிடைக்கும்.

நான் இதுவரை ஏழெட்டு பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஒருத்தர்தான் சரியான பதில் சொன்னார். அவர் டிராக்டர் மெக்கானிக்.

சிஎஸ்இ, இசிஇ நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷனை மாற்றி, வண்டியின் சேஸிஸை ஆக்சிலிலிருந்து இன்னும் மேலே உயர்த்துவது. கல், பள்ளம், ஓடை எல்லாம் அடியில் தட்டாமல் போகலாம், பெரிய டயரும் போடலாம். ஆனால் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஓடுகிற ஒவ்வொரு பொருளும் இப்போது கூடுதல் தூரத்தை எட்ட வேண்டும். பிரேக் ஹோஸ் அதில் ஒன்று, ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னொன்று. ஹோஸை மட்டும் எல்லோரும் ஞாபகமா மாத்திடுவாங்க, ஏன்னா அது அறுந்தா ஓடுற வண்டி நிக்காது. கேபிள் போனா நிக்கிற வண்டி ஓடும். அந்த பயம் ஏனோ யாருக்கும் வரமாட்டேங்குது.

எனக்கும் வந்ததில்லை, போன செமஸ்டர் லீவு வரைக்கும்.

எங்க மாமா வீடு கோத்தகிரி பக்கம். அவர்கிட்ட பழைய மாடல் தார் இருக்கு, பின்னாடி லீஃப் ஸ்பிரிங் வச்சது. கோயம்புத்தூர்ல ஒரு கடையில 2 இன்ச் லிஃப்ட், நீளமான ஷாக், 33 இன்ச் டயர் எல்லாம் போட்டுட்டு வந்தார். ஹோஸ் புதுசு. ஹேண்ட்பிரேக் கேபிளைப் பத்திக் கேட்டதுக்கு, "அதெல்லாம் எட்டுமுங்கண்ணா"ன்னு கடையில சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னது பொய்யில்லை. கடைத் தரையில நின்ன வண்டியில கேபிள் எட்டத்தான் செஞ்சது.

ரெண்டு மாசம் கழிச்சு ஹேண்ட்பிரேக் லிவர் வழக்கத்தைவிட மேல வர ஆரம்பிச்சது. ஷூ தேய்ஞ்சிருக்கும்னு நினைச்சு, பக்கத்து மெக்கானிக்கிட்ட விட்டு லிவர் பக்கம் இருக்கிற நட்டை டைட் பண்ணிக்கிட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவரும் அத்தையும் எஸ்டேட் ரோட்டுல போயிட்டு வீட்டுக்கு வந்தாங்க. வீட்டு வாசல் நல்ல ஏத்தம். மாமா எஞ்சினை அணைக்காம, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு கேட்டைத் திறக்க இறங்கினார். மலையில தினம் நடக்கிறதுதான். எஞ்சின் ஆஃப் பண்ணி கியர்ல விட்டு, டயருக்கு பின்னாடி கல்லு வைக்கிறதெல்லாம் ராத்திரிக்குத்தான். கேட் திறக்க யாரு கல்லு வைப்பா?

அவர் கேட்டை எட்டுற வரைக்கும் வண்டி நின்னுச்சு. அப்புறம் பின்னால போக ஆரம்பிச்சது. உள்ளே அத்தை. எனக்குக் கேட்டது மாமா கத்தின சத்தம்தான். நான் வெளியே ஓடி வந்தப்போ வண்டி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத் தடுப்புச் சுவர்ல, பின்னாடி மாட்டியிருந்த ஸ்பேர் வீல் மோதி நின்னிருந்தது. யாருக்கும் அடியில்லை. அந்தச் சுவர் பத்தடி தள்ளி முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் தேயிலைச் சரிவுதான்.

அடுத்த நாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இடது பக்கக் கேபிளின் அவுட்டர், சேஸிஸ் பிராக்கெட்டில் மாட்டியிருக்கும் உலோக முனையிலிருந்து பாதி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

சைக்கிள் பிரேக் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரு குழாய், அது அவுட்டர். உள்ளே ஒரு கம்பி, அது இன்னர். லிவரை இழுக்கும்போது இன்னரில் இழுவிசை, அவுட்டரில் அமுக்குவிசை. அவுட்டர் இரண்டு முனையிலும் உறுதியாக ஊன்றி நின்றால்தான் இன்னர் பிரேக்கை இழுக்க முடியும். அவுட்டர் என்பது அமுக்கத்தைத் தாங்கச் செய்யப்பட்ட பொருள். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது நீளம் போதாமல் அதையே பிடித்து இழுத்தால், முனையில் இருக்கும் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். அதற்குப் பிறகு லிவரை இழுத்தால் பிரேக்குக்குப் போக வேண்டிய நகர்வை அவுட்டரே நகர்ந்து தின்றுவிடும். மாமா டைட் பண்ணின நட்டு அந்த நோயை ரெண்டு வாரம் மூடி வச்சது, அவ்வளவுதான்.

"சரி, ஒரு பக்கம்தானே போச்சு, இன்னொரு சக்கரம் பிடிச்சிருக்கணுமே?"ன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. லிவரிலிருந்து வரும் கம்பி ஈக்வலைசர் என்ற ஒரு சின்னத் தகட்டில் சேர்ந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை போக வேண்டும் என்பதுதான் அதன் வேலை. ஆகவே ஒரு பக்கம் தளர்ந்தால் அது நேர்மையாக மறுபக்கத்தையும் தளர்த்திவிடும். நல்ல நாளில் சமநீதி, கெட்ட நாளிலும் சமநீதி.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். லிஃப்ட் போட்ட வண்டிக்குக் கேபிள் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பார்ப்பது லிஃப்ட் எத்தனை இன்ச் என்பதை. அது தவறான எண். பார்க்க வேண்டியது, சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு கீழே தொங்கும் என்பதை. இந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எட்டாம் வகுப்பு பிதாகரஸ் போதும், போட்டுப் பார்க்கலாம்.

சேஸிஸ் பிராக்கெட்டிலிருந்து சக்கரத்தின் பின்தட்டு வரை கிடைமட்டமாக 500 மி.மீ., உயர வித்தியாசம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டுத் தூரம் 510 மி.மீ. வருகிறது. 2 இன்ச் லிஃப்ட் போட்டால் உயர வித்தியாசம் 150 ஆகும், தூரம் 522. பன்னிரண்டே மில்லிமீட்டர்தான் கூடுகிறது! கடைக்காரர் "எட்டும்" என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் நீளமான ஷாக் போட்டதால் அந்தச் சக்கரம் பள்ளத்தில் இன்னும் 100 மி.மீ. கீழே போகிறது என்றால், உயர வித்தியாசம் 250, தூரம் 559. கூடுதல் 49 மி.மீ. லிஃப்ட் தின்றது 12, தொங்கல் தின்றது மீதி 37. அதே 2 இன்ச் லிஃப்டை பழைய நீள ஷாக்கோடு போட்டவருக்கு, ஷாக்கே ஆக்சிலைப் பழைய இடத்தில் தடுத்துவிடுவதால் முழுத் தொங்கலில் ஒரு மில்லிமீட்டர்கூட கூடாமல் இருக்கலாம். ஒரே லிஃப்ட், ரெண்டு வண்டிக்கு ரெண்டு பதில். "2 இன்ச்சுக்கு எந்தக் கேபிள் போடணும்?" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்ப இருக்கிறதுலேயே நீளமான கேபிளை வாங்கிப் போட்டுட்டா பிரச்சனை முடிஞ்சதான்னு கேட்பீங்க. இது அடுத்த தப்பு. "பெரிய வண்டியோட கேபிளைப் போட்டுடலாம்"னு சொல்ற மெக்கானிக்குகளை நானே பார்த்திருக்கேன்.

கேபிளுக்கு ஒரு நீளம் இல்லை, இரண்டு நீளம். அவுட்டரின் நீளம் ஒன்று. அவுட்டருக்கு வெளியே இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இன்னரின் நீளம் இன்னொன்று. நமக்குக் கூட வேண்டியது முதலாவது மட்டும். இரண்டாவது ஒரிஜினல் கேபிளில் எவ்வளவோ அவ்வளவே இருக்க வேண்டும். அது கூடினால் லிவரை முழுக்க இழுத்தாலும் தளர்வை எடுப்பதிலேயே பற்கள் தீர்ந்துவிடும். குறைந்தால் ஷூ முழுசாகத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். வேறு வண்டியின் கேபிள் நீளத்தில் பொருந்தினாலும் இந்த வெளிநீட்டமும், முனையில் இருக்கும் குண்டு, கொக்கி போன்றவையும் பொருந்துவது அதிர்ஷ்டம்தான். இன்னொரு விஷயம், சில வண்டிகளில் அவுட்டர் ஆக்சிலிலேயே முடிந்து, அங்கிருந்து சேஸிஸ் வரை இன்னர் வெறுமனே ஓடும். அந்த மாதிரி அமைப்பில் சக்கரம் தொங்கினாலே கேபிள் இழுபட்டு பிரேக் தானாகப் பிடிக்கும். உங்க வண்டியில எந்த மாதிரின்னு முதல்ல குனிஞ்சு பாருங்க.

தேவைக்கு மேல் நீளமான அவுட்டர் எங்கே போகும்? வளைந்துதான் ஆக வேண்டும். முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸில் பெல்ட் ஃப்ரிக்‌ஷன் படித்தோமே, அதே சூத்திரம் இங்கேயும் வேலை செய்யும். இன்னர் அவுட்டருக்குள் வளையும் ஒவ்வொரு டிகிரியும் இழுவிசையைத் தின்கிறது. உராய்வுக் குணகம் 0.1, மொத்த வளைவு 180 டிகிரி என்றால் நீங்கள் இழுக்கும் விசையில் 73 சதவீதம் மறுமுனைக்குப் போய்ச் சேரும். கூடுதல் நீளத்துக்காக இன்னொரு 90 டிகிரி வளைவு சேர்ந்தால் 62 சதவீதம். இது நல்ல, சுத்தமான கேபிளின் கணக்கு. சேறும் துருவும் புகுந்து குணகம் 0.2 ஆனால், அதே 270 டிகிரிக்கு 39 சதவீதம்தான் மிஞ்சும். பாதிக்கு மேல் வழியிலேயே காலி.

இதோடு டயரையும் சேர்த்துப் பாருங்க. 2000 கிலோ வண்டி 20 சதவீதச் சரிவில் நின்றால் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 3850 நியூட்டன். பழைய தாரின் ஒரிஜினல் டயர் 235/70 ஆர்16, விட்டம் ஏறக்குறைய 735 மி.மீ. 33 இன்ச் டயரின் விட்டம் 838 மி.மீ. டிரம் அதே டிரம், ஆனால் ஆரம் கூடியதால் அது பிடிக்க வேண்டிய டார்க் 1415 நியூட்டன் மீட்டரிலிருந்து 1610-க்கு ஏறுகிறது, அதாவது 14 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் வளைவின் நஷ்டத்தையும் இதோடு பெருக்கினால், முன்பு 300 நியூட்டன் இழுத்த கை இப்போது 400 இழுக்க வேண்டும். கார்களுக்கான ஐநா பிரேக் விதி 13-எச் சொல்வது என்ன தெரியுமா? முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் வண்டி நிற்க வேண்டும், அதற்குக் கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கம்பெனி எஞ்சினியர் விட்டுவைத்த மார்ஜின் மொத்தத்தையும் ஒரு டயரும் ஒரு வளைவும் சேர்ந்து தின்றுவிடலாம். மாமா வீட்டு வாசலை போனில் இருக்கும் லெவல் ஆப் வைத்து அளந்தேன். 13 டிகிரி, சதவீதத்தில் 23. விதியே தாண்டாத சரிவில்தான் எங்க அத்தை தினமும் உட்கார்ந்திருக்காங்க.

கேபிளே வேண்டாம், பிரேக் லைனில் ஒரு லைன்லாக் வால்வு போட்டு ஆயில் பிரஷரைப் பூட்டிவிட்டால் போதும் என்று வாதாடுகிற ஒரு கோஷ்டி இருக்கிறது. கொஞ்ச நேரம் பிடித்து வைக்க அது சரி. நிறுத்திவிட்டுப் போக அது சரியில்லை. எங்கேயாவது ஒரு சீல் லேசாகக் கசிந்தாலும், சூடான ஆயில் ஆறிச் சுருங்கினாலும் பிரஷர் இறங்கிவிடும், நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பார்க்கிங் பிரேக்கை ஆயிலை நம்பாமல் கம்பியாலும் பல்லாலும் பிடிக்க வைத்ததற்குக் காரணமே அதுதான்.

இந்த இடத்தில் பழைய ஜீப்பைக் கொஞ்சம் பொறாமையோடு சொல்லியாக வேண்டும். வில்லிஸ் ஜீப்பிலும் பழைய லேண்ட் ரோவரிலும் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸோடு இருப்பது. நீங்கள் ஆக்சிலை எவ்வளவு தொங்கவிட்டாலும் ஹேண்ட்பிரேக்குக்குச் சேதியே போகாது. அதற்கும் ஒரு குறை உண்டு. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்று வண்டி நகர்ந்துவிடும். ஆனாலும் லிஃப்ட் விஷயத்தில் தாத்தா காலத்து டிசைன் நம்மைவிட நிம்மதியாகத் தூங்குகிறது.

லிஃப்ட் போடுவதே சட்டப்படி சரியான்னு கேட்டா அது தனிக் கட்டுரை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. நான் பேசுவது ஏற்கெனவே போட்டுவிட்டவர்களிடம்.

அவர்கள் செய்ய வேண்டியதற்கு ஒரு சணல் கயிறு போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு, சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் ஆக்சிலைத் தொங்க விடுங்கள். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க. ஹேண்ட்பிரேக் சரியில்லாத வண்டிக்கு அடியில் படுக்கிறோம், மறக்க வேண்டாம்.) ஷாக் முழுக்க நீண்டபின், பிராக்கெட்டிலிருந்து பின்தட்டு வரை கேபிள் போக வேண்டிய பாதையிலேயே கயிற்றை ஓட்டி அளந்து, வளைவு இயல்பாக விழக் கொஞ்சம் தளர்வு சேருங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பிறகு ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை மேலே தூக்கி, அதே கயிறு மடங்கும்போது டயரையோ, சைலன்சர் குழாயையோ, புரொப்பெல்லர் ஷாஃப்டையோ தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் நீளத்தைக் குறைக்க வேண்டாம், பாதையை மாற்றுங்கள்.

பல நேரம் புதுக் கேபிளே தேவைப்படாது. வழியில் ஒரு கிளிப் கேபிளைச் சேஸிஸோடு இறுக்கிப் பிடித்திருக்கும், அதைத் தள்ளி மாட்டினாலோ பிராக்கெட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினாலோ தேவையான நீளம் கிடைத்துவிடும். என் தேர்வில் முதல் இடம் இதற்குத்தான். ஒரிஜினல் கேபிள், ஒரிஜினல் முனைகள், கூடுதல் வளைவு இல்லை. அது போதாவிட்டால் அளவு சொல்லிச் செய்து வாங்குவது. பழைய கேபிளைக் கையில் கொண்டுபோய், "அவுட்டர் இவ்வளவு கூடணும், வெளியே நீட்டுற இன்னர் இதே அளவு இருக்கணும், ரெண்டு முனையும் இதே மாதிரி"ன்னு சொல்லுங்க. உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் லைனர் இருக்கா, முனையில சேறு புகாத ரப்பர் உறை இருக்கான்னு கேளுங்க. வேறு வண்டியின் கேபிள் என் பட்டியலில் கடைசி.

மாட்டியபின் அட்ஜஸ்ட் செய்வதிலும் வரிசை உண்டு. முதலில் டிரம்முக்குள் ஷூவின் இடைவெளி, பிறகுதான் கேபிள். தலைகீழாகச் செய்தால் ஷூ தேய்மானத்தைக் கேபிள் மறைக்கும், மாமாவின் நட்டு மாதிரி. அப்புறம் ஆக்சில் தொங்கும்போதும், வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் ஆக்சிலைத் தாங்கி வைத்தும், இரண்டு நிலையிலும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லிவர் கீழே இருந்தால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலே இருந்தால் அசையவே கூடாது.

நம்ம ஆட்களிடம் ஒரு வருத்தம். ஷூ பிரேக், பேண்ட் பிரேக் கணக்கெல்லாம் 13 மார்க்குக்குப் பக்கம் பக்கமாகப் போடுகிறோம். எல்லாக் கணக்கிலும் விசை ஷூவில் ஏற்கெனவே வந்து நிற்கும். அது கையிலிருந்து அங்கே எப்படி வந்தது, வழியில் எவ்வளவு தொலைந்தது என்று ஒரு கணக்கும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பெல்ட் ஃப்ரிக்‌ஷன் சூத்திரம் என் நோட்டில் மூன்று வருஷமாக இருந்தது. மாமா லிஃப்ட் போட்டுட்டு வந்த அன்னைக்கு முதல் ரவுண்டு போனது நான்தான். இறங்கி, டயர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தேன், குனிந்து பார்க்கவில்லை.

மாமா வண்டியில் கயிறு சொன்ன கணக்கு, தளர்வும் சேர்த்து, இடது பக்கம் 70 மி.மீ., வலது பக்கம் 55. செய்து வாங்கி இரண்டையும் ஒன்றாகவே மாற்றினோம். இப்போ அந்த 13 டிகிரியில், மேல் பார்த்தும் கீழ் பார்த்தும், எஞ்சின் ஆஃப், நியூட்ரலில் வண்டி நிற்கிறது. நானும் மாமாவும் சக்கரத்துக்குக் கட்டையோடு பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பார்த்தோம். அத்தை திண்ணையிலிருந்து எல்லாத்தையும் பார்த்துட்டு, "சரி, நல்லாத்தான் நிக்குது"ன்னாங்க. ஆனா இன்னைக்கும் வாசல் வந்ததும் மாமாவுக்கு முன்னாடி அவங்க இறங்கிடுறாங்க. கேட்டையும் அவங்களே திறந்துடுறாங்க.